சராசரியைத் தாண்டி எவ்வளவு, எத்தனை சதவீத நேரம்? சிக்னல் அனலைசரில் சிசிடிஎஃப் அளவீடு

சராசரித் திறன் 1 வாட் உள்ள இரண்டு சிக்னல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, இடைவிடாமல் ஓடும் ஜிஎஸ்எம் (2ஜி கைபேசி) வகைச் சிக்னல். மற்றது, 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள எல்டிஇ (4ஜி) டவுன்லிங்க், அதாவது கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வரும் சிக்னல். திறன் மீட்டரில் மாட்டினால் இரண்டுக்கும் 30 டிபிஎம் (1 மில்லிவாட்டைவிட 30 டெசிபெல், அதாவது 1000 மடங்கு) என்றே வரும். இப்போது இரண்டையும், வெளியீடு 2 வாட்டைத் தாண்டினால் அமுங்கிவிடும் (உள்ளீட்டுக்கு ஏற்ப உயராமல் போகும்) ஒரு பெருக்கியின் வழியாக அதே 1 வாட் சராசரியில் அனுப்புங்கள். ஜிஎஸ்எம் சிக்னல் சேதமில்லாமல் வெளியே வரும். எல்டிஇ சிக்னல் பக்கத்து அலைவரிசைகளில் வழிந்து, டிமாடுலேஷனில், அதாவது தரவைத் திரும்பப் பிரித்தெடுக்கும்போது, பிழை காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம் அதனிடம் சராசரியை மட்டுமே கேட்டோம்.

ஜிஎஸ்எம் பயன்படுத்தும் ஜிஎம்எஸ்கே பண்பேற்றத்தில் (தரவை அலையில் ஏற்றும் முறை) அலையின் வீச்சு மாறுவதே இல்லை. கட்டம் (ஃபேஸ்) மட்டும் மாறுகிறது. அதனால் எந்தக் கணத்தில் பார்த்தாலும் 1 வாட்தான். எல்டிஇ டவுன்லிங்க் அப்படிப்பட்டதில்லை. 10 மெகாஹெர்ட்ஸ் வகையில் 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 600 துணைக் கேரியர்கள் (தரவைச் சுமக்கும் குறுகிய அலைகள்) ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் கட்டமும் அதனதன் தரவைப் பொறுத்தது. பெரும்பாலான கணங்களில் அவை ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்ளும். எப்போதாவது பலவும் ஒரே திசையில் சேர்ந்து நிற்கும். அப்போது திறன் எகிறும். சராசரி 1 வாட்டாக இருந்தாலும், ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் அது 9 வாட்டைத் தாண்டியிருக்கும். பெருக்கி மாட்டிக்கொள்வது அந்தக் கணங்களில்தான்.

அப்படியானால் உச்சத் திறனை அளந்து எழுதிவிடலாமே என்று தோன்றும். 600 துணைக் கேரியர்களும் முழுமையாக ஒத்துச் சேர்ந்தால் உச்சம் சராசரியைவிட 600 மடங்கு, அதாவது 27.8 டெசிபெல் மேலே இருக்கும். கணக்கு சரி. ஆனால் உண்மையான தரவில் அந்தக் கணம் நடைமுறையில் வரவே வராது. அதை நம்பிப் பெருக்கியை வடிவமைத்தால், 1 வாட் அனுப்ப 600 வாட் பெருக்கி வாங்க வேண்டியிருக்கும். ஆகவே கேள்வியை முழுமையாகக் கேட்க வேண்டும்: சராசரியைவிட இத்தனை டெசிபெல் மேலே, எத்தனை சதவீத நேரம் இருக்கிறது? சதவீதம் சேராத உச்ச எண்ணுக்குப் பொருளே இல்லை. இந்தக் கேள்விக்குப் பதிலாக சிக்னல் அனலைசர் (சிக்னலின் அதிர்வெண்ணையும் திறனையும் அளக்கும் கருவி) வரைந்து காட்டும் வளைகோட்டின் பெயர்தான் சிசிடிஎஃப். தமிழில் நிரப்புத் திரள் பரவல் சார்பு எனலாம்; ஆய்வகத்தில் எல்லோரும் சிசிடிஎஃப் என்றே சொல்கிறார்கள்.

பத்து மாதிரிகளில் ஒரு கணக்கு

பெயர் மிரட்டினாலும் உள்ளே இருப்பது எண்ணிக்கை மட்டுமே. பள்ளியில் தேர்வு முடிவு வந்ததும் "வகுப்புச் சராசரிக்கு மேலே எத்தனை பேர், 90க்கு மேலே எத்தனை பேர்" என்று எண்ணுவோமே, அதேதான்.

ஒரு சிக்னலின் திறனைப் பத்துக் கணங்களில் அளந்ததாக வைத்துக்கொள்வோம். மில்லிவாட்டில் மதிப்புகள்: 1, 2, 1, 0, 3, 1, 7, 2, 1, 2. கூட்டுத்தொகை 20, சராசரி 2. சராசரியைத் தாண்டியவை 3, 7 ஆகிய இரண்டு மட்டும். எனவே 0 டெசிபெல்லுக்கு எதிரே 20% என்று புள்ளி வைக்கிறோம். சராசரியைவிட 3 டெசிபெல் மேலே என்றால் ஏறத்தாழ 4 மில்லிவாட். அதைத் தாண்டியது 7 மட்டும்; எனவே 3 டெசிபெல்லுக்கு எதிரே 10%. மிகப் பெரிய மதிப்பான 7, சராசரியின் 3.5 மடங்கு, அதாவது 5.4 டெசிபெல். அதற்கு மேலே 0%. இந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் வளைகோடு தயார். அனலைசர் பத்துக்குப் பதிலாகப் பத்து லட்சம், ஒரு கோடி என்று மாதிரிகளை எடுத்து இதையே செய்கிறது.

திரையில் கிடை அச்சு சராசரிக்கு மேலான டெசிபெல்லைக் காட்டும். இடது ஓரம் 0, அதாவது சராசரி. நிலை அச்சு நிகழ்தகவு. அது மடக்கை அளவில் இருக்கும்: மேலே 100%, பிறகு 10%, 1%, 0.1% என்று இறங்கி 0.0001% வரை. அரிதாக நிகழ்பவை கண்ணுக்குத் தெரியவே இந்த மடக்கை அளவு. சாதாரண அளவில் வரைந்தால் பெருக்கிக்கு முக்கியமான பகுதி முழுவதும் அடிக்கோட்டோடு ஒட்டிப் போய்விடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: அச்சு சராசரியிலிருந்து தொடங்குவதால், சிக்னல் எத்தனை டிபிஎம் என்பது வளைகோட்டின் வடிவத்தைப் பாதிக்காது. பெருக்கியின் உள்ளீட்டையும் வெளியீட்டையும் 40 டெசிபெல் வித்தியாசம் இருந்தாலும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட முடிவது இதனால்தான். சராசரித் திறனை அனலைசர் தனி எண்ணாகப் பக்கத்தில் காட்டும்.

இங்கே "திறன்" என்பது உறையின், அதாவது அலையின் வீச்சைக் காட்டும் வெளிக்கோட்டின் திறன். அனலைசர் சிக்னலை 90 பாகை கட்ட வித்தியாசமுள்ள ஐ, க்யூ என்ற இரு கூறுகளாகப் பிரித்து, இரண்டின் வர்க்கங்களையும் கூட்டுகிறது. அதனால் தூய சைன் அலைக்கு விடை 0 டெசிபெல். ஆஸிலோஸ்கோப்பில் அதே அலையின் மின்னழுத்தத்தைப் பார்த்து உச்சத்தை ஆர்எம்எஸ் (வர்க்கமூலச் சராசரி) மதிப்போடு ஒப்பிட்டால் 3 டெசிபெல் வரும். இரண்டும் சரி, வரையறை வேறு. இரு கருவிகளின் எண்களை ஒப்பிட்டு "3 டெசிபெல் எங்கே போனது" என்று தேடுவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒப்பிட ஒரு அளவுகோல்: காஸ் கோடு

சிசிடிஎஃப் திரையில் பெரும்பாலும் இன்னொரு கோடும் இருக்கும். அது காஸ் பரவல் கொண்ட வெள்ளை இரைச்சலின் வளைகோடு. அதன் கணக்கு எளிது: திறன் சராசரியின் எக்ஸ் மடங்கைத் தாண்டும் நிகழ்தகவு, இயற்கை மடக்கையின் அடியான 2.718ஐ எதிர்ம எக்ஸ் அடுக்குக்கு உயர்த்தினால் கிடைப்பது. எக்ஸுக்கு 1 போட்டால் 36.8%. அதாவது இரைச்சலில்கூட சராசரிக்கு மேலே இருக்கும் நேரம் பாதிக்கும் குறைவு. மற்ற மதிப்புகள்:

10% — 3.62 டெசிபெல்
1% — 6.63 டெசிபெல்
0.1% — 8.39 டெசிபெல்
0.01% — 9.64 டெசிபெல்
0.001% — 10.61 டெசிபெல்
0.0001% — 11.40 டெசிபெல்

இந்த ஆறு எண்களைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. எல்டிஇ டவுன்லிங்க் போல நிறைய துணைக் கேரியர்கள் கொண்ட ஓஎஃப்டிஎம் சிக்னல் எதுவும், உச்சத்தை வெட்டாத நிலையில், ஏறத்தாழ இந்தக் கோட்டின் மீதே வந்து படியும். தொடர்பில்லாத பல அலைகளைக் கூட்டினால் கூட்டுத்தொகை காஸ் பரவலை நெருங்கும் என்பதே காரணம். ஒவ்வொரு துணைக் கேரியரிலும் க்யூபிஎஸ்கே என்ற 4 புள்ளிப் பண்பேற்றம் ஓடினாலும் 64 புள்ளிகள் கொண்ட 64 க்யூஏஎம் ஓடினாலும் (ஒவ்வொரு புள்ளியும் ஒரு வீச்சும் கட்டமும்) வளைகோடு பெரிதாக மாறாது. புதிதாகப் படிப்பவர்கள் பலர் இங்கே தடுமாறுகிறார்கள்.

ஒற்றைக் கேரியர் சிக்னலில் கதை வேறு. அங்கே பண்பேற்றம் நேரடியாகத் தெரியும். 16 க்யூஏஎம் புள்ளிகளில் மூலையில் இருப்பதன் திறன் சராசரியைவிட 2.55 டெசிபெல் மேலே. 64 க்யூஏஎம்மில் 3.68 டெசிபெல். இதன்மேல் அலைவடிவ வடிகட்டியின் பங்கும் சேரும். ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையில் அலை மூலைப் புள்ளியையும் தாண்டிப் பாய்வதுதான் அந்தப் பங்கு. வடிகட்டி கூர்மையாக ஆக ஆக இந்தப் பாய்ச்சல் பெருகும். அப்படியும், அரிய நிகழ்வுகள் உள்ள கீழ்ப் பகுதியில் வளைகோடு காஸ் கோட்டுக்கு இடப்புறமே நிற்கும்.

அந்தக் கீழ்ப் பகுதியில் உங்கள் வளைகோடு காஸ் கோட்டுக்கு வலப்புறம் போனால் உடனே நிறுத்தி யோசியுங்கள். அநேகமாகச் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. அல்லது பல கேரியர்களை ஒரே தரவு, ஒரே கட்டத்துடன் சிக்னல் ஜெனரேட்டரில் ஏற்றியிருக்கிறீர்கள். இரண்டாவது பிழை மிகச் சாதாரணமாக நடக்கும். நான்கு கேரியர்களுக்கும் ஒரே கோப்பைப் போட்டுவிட்டால் நான்கும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் வேறு தரவு, வேறு தொடக்கக் கட்டம், வேறு நேரத் தள்ளல் கொடுத்தால்தான் களத்தில் வரும் சிக்னல் போல இருக்கும்.

அளக்கும் முன் இணைப்பு

10 வாட் சராசரி தரும் பெருக்கியை அளப்பதாகக் கொள்வோம். 10 வாட் என்பது 40 டிபிஎம். உச்சங்கள் 12 டெசிபெல் மேலே போகலாம் என்று எடுத்துக்கொண்டால் 52 டிபிஎம், ஏறத்தாழ 158 வாட். சிக்னல் அனலைசர்களின் உள்ளீடு பெரும்பாலும் 30 டிபிஎம், அதாவது 1 வாட் வரைதான் தாங்கும். அந்த எண் உள்ளீட்டுத் துளையின் அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும், படித்துவிட்டு மாட்டுங்கள். வெளியே 40 டெசிபெல் அட்டெனுவேட்டர் (திறனைக் குறைக்கும் உறுப்பு) வைத்தால் அனலைசருக்கு வருவது 0 டிபிஎம் சராசரி, 12 டிபிஎம் உச்சம். அந்த அட்டெனுவேட்டர் 10 வாட் சராசரிச் சூட்டையும், மேலே சொன்ன உச்சத்தையும் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். தரவுத்தாளில் இரண்டுக்கும் தனித்தனி எண்கள் இருக்கும்.

உள்ளே அனலைசரின் சொந்த அட்டெனுவேட்டரை 20 டெசிபெல்லில் வையுங்கள். மிக்சருக்கு, அதாவது அதிர்வெண்ணை மாற்றும் உள் பகுதிக்குப் போவது −20 டிபிஎம் சராசரி, −8 டிபிஎம் உச்சம். பல அனலைசர்களின் மிக்சர் 0 டிபிஎம்முக்கு அருகே அமுங்கத் தொடங்கும் என்பதால், இந்த நிலையில் போதிய இடைவெளி உண்டு. இங்கே கவனம் வைக்க வேண்டியது உச்சத்தின் மீது. சராசரியை மட்டும் பார்த்து "−5 டிபிஎம்தானே" என்று விட்டால், 12 டெசிபெல் மேலே வரும் உச்சத்தை அனலைசரே வெட்டிவிடும். வெட்டப்பட்ட வளைகோடு திரையில் அழகாகவே தெரியும். எச்சரிக்கை எதுவும் வராமலே போகலாம். பிறகு பழி பெருக்கியின் மீது விழும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு; ஒவ்வொரு அளவீட்டிலும் செய்ய வேண்டும். உள் அட்டெனுவேட்டரை 10 டெசிபெல் கூட்டிவிட்டு வளைகோட்டைப் பாருங்கள். அசையவில்லை என்றால் அனலைசர் அமுங்காமல் சரியாக இருக்கிறது. 0.01% புள்ளி வலப்புறம் நகர்ந்தால், முந்தைய அளவீட்டில் அனலைசர்தான் அமுங்கியிருந்தது. ஏடிசி (சிக்னலை எண்களாக மாற்றும் பகுதி) நிரம்பி வழிந்தால் பெரும்பாலான கருவிகள் ஓவர்லோட் செய்தி காட்டும். மிக்சர் அமுங்குவதற்கு அப்படி ஒரு செய்தியை எதிர்பார்க்காதீர்கள்.

மறுபக்கம், சிக்னலை மிகவும் தாழ்த்தினால் அனலைசரின் சொந்த இரைச்சல் கலந்துவிடும். இரைச்சல் காஸ் வகை என்பதால் வளைகோட்டைக் காஸ் கோட்டை நோக்கி இழுக்கும். மிக்சரில் அனலைசர் இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு −150 டிபிஎம் என்று கொள்வோம். 9 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 69.5 டெசிபெல் கூட்டினால் −80.5 டிபிஎம். மேலே பார்த்த −20 டிபிஎம் சிக்னலுக்கு இது 60 டெசிபெல் கீழே, கவலை இல்லை. வானலையில் ஆண்டெனா வழியாக எடுத்த −60 டிபிஎம் சிக்னலுக்கு வித்தியாசம் 20 டெசிபெல்தான்; அங்கே கவலைப்பட வேண்டும்.

எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு ஒரு எண்: இரைச்சல் 30 டெசிபெல் கீழே இருந்தால், 0 டெசிபெல் காட்ட வேண்டிய தூய சைன் அலை 0.01% புள்ளியில் ஏறத்தாழ 0.7 டெசிபெல் காட்டும். 40 டெசிபெல் கீழே இருந்தால் 0.2 டெசிபெல் அளவு. ஜிஎஸ்எம் போன்ற மாறா வீச்சுச் சிக்னலில் இந்தப் பிழை பெரிது. ஓஎஃப்டிஎம் ஏற்கனவே இரைச்சலைப் போன்றது என்பதால், அதில் இது கண்ணில் படாமல் ஒளிந்துவிடும்.

அமைப்புகள்

கீசைட் எக்ஸ் வரிசை அனலைசர்களில் அளவீட்டுப் பட்டியலில் "பவர் ஸ்டாட் சிசிடிஎஃப்" என்று இருக்கும். ரோட் அண்ட் ஷ்வார்ட்ஸ் கருவிகளில் "ஏபிடி", "சிசிடிஎஃப்" என்று இரண்டு இருக்கும். ஏபிடி என்பது எந்தத் திறனில் எத்தனை மாதிரிகள் என்ற பரவல் படம். நமக்கு வேண்டியது இரண்டாவது. பெயர்கள் மாறினாலும் அமைக்க வேண்டியவை ஒன்றுதான்: மைய அதிர்வெண், பகுப்பாய்வு அகலம், மாதிரிகளின் எண்ணிக்கை, அளவீட்டு இடைவெளி, ட்ரிக்கர் (அளவீடு எந்தக் கணத்தில் தொடங்க வேண்டும் என்ற அமைப்பு).

மைய அதிர்வெண்ணைச் சிக்னலின் நடுவில் சரியாக வையுங்கள். முதலில் சாதாரண ஸ்பெக்ட்ரம் திரையில் சிக்னலைப் பார்த்து, பக்கத்தில் வேறு கேரியர் இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டுப் பிறகு சிசிடிஎஃப்புக்குப் போவது நல்ல பழக்கம்.

பகுப்பாய்வு அகலம்தான் அதிகம் தவறாக அமைக்கப்படும் இடம். கீசைட்டில் இதன் பெயர் "இன்ஃபோ பிடபிள்யூ", ரோட் அண்ட் ஷ்வார்ட்ஸில் "அனாலிசிஸ் பேண்ட்வித்". 10 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ சிக்னல் உண்மையில் 9 மெகாஹெர்ட்ஸை நிரப்புகிறது. 20 மெகாஹெர்ட்ஸ் வகை 18 மெகாஹெர்ட்ஸை. அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால் சிக்னலின் ஓரங்கள் வெட்டப்படும். மீதியின் வளைகோடு உங்கள் சிக்னலுடையது ஆகாது. ஒற்றைக் கேரியர் சிக்னலில் இது வடிவத்தையே மாற்றிவிடும். பெருக்கியின் வெளியீட்டை அளக்கும்போது இன்னும் தாராளமாக வேண்டும். உச்சம் வெட்டப்பட்டால் அதன் ஆற்றல் பக்கத்து அலைவரிசைகளிலும் சிதறும். அவற்றை வடிகட்டிவிட்டால், வெட்டுப்பட்ட உச்சம் மறுபடி வளர்ந்தது போலத் தோன்றும். அதற்காகத் தேவையில்லாமல் விரிக்கவும் கூடாது. பக்கத்துக் கேரியரும் கூடுதல் இரைச்சலும் உள்ளே வந்துவிடும். சிக்னலுக்குப் போதுமான அகலம் உங்கள் அனலைசரின் உரிமத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வன்பொருளில் வசதி இருந்தும் உரிமம் வாங்காததால் அகலம் அடைபட்டிருப்பது சாதாரணம்.

5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 80 மெகாஹெர்ட்ஸ் வைஃபை போன்ற அகலச் சிக்னலை அளக்கும்போது இன்னொரு தடை உண்டு. பல அனலைசர்களில் மைக்ரோவேவ் பகுதிக்கு முன்னால் யிக் வடிகட்டி (டியூன் செய்யும் குறுகிய வடிகட்டி) ஒன்று இருக்கும். அது அகலச் சிக்னலின் ஓரங்களைச் சரித்துவிடும். பைபாஸ் செய்யும் வசதி இருந்தால் பைபாஸ் செய்யுங்கள்.

ஸ்பெக்ட்ரம் திரையிலேயே பீக் டிடெக்டரில் ஒரு கோடு, ஆவரேஜ் டிடெக்டரில் ஒரு கோடு போட்டு இரண்டையும் கழித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அங்கே 30 கிலோஹெர்ட்ஸ் போன்ற குறுகிய வடிகட்டி வழியாகச் சிக்னலின் ஒரு கீற்றை மட்டுமே பார்க்கிறோம். பெருக்கி பார்ப்பது முழு 9 மெகாஹெர்ட்ஸின் கூட்டுத்தொகையை. தவிர, அந்த வித்தியாசத்தோடு சதவீதமும் வராது.

எத்தனை மாதிரிகள் போதும்?

0.01% என்பது பத்தாயிரத்தில் ஒன்று. பத்தாயிரம் மாதிரிகள் எடுத்தால் அப்படிப்பட்ட நிகழ்வு சராசரியாக ஒருமுறைதான் வரும்; ஒரே ஒரு நிகழ்வை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நூறு நிகழ்வுகள் கிடைத்தால் எண்ணிக்கையின் தடுமாற்றம் 10% அளவு. அதற்குப் பத்து லட்சம் மாதிரிகள் தேவை. காஸ் கோட்டில் 0.01% புள்ளியில் இந்த 10% தடுமாற்றம் 0.05 டெசிபெல்லுக்குச் சமம். வேறு எந்தப் பிழையையும்விடச் சிறிது. பத்து நிகழ்வுகள் மட்டும் இருந்தாலும் 0.15 டெசிபெல்தான். கோடு அங்கே செங்குத்தாக இறங்குவது நமக்குச் சாதகம்.

ஆனால் இந்த எண்ணிக்கை ஒன்றையொன்று சாராத மாதிரிகளுக்கு. 9 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் ஒரு விநாடியில் ஏறத்தாழ 90 லட்சம் சாராத மாதிரிகளையே தரும். அனலைசர் அதைவிட வேகமாக எடுத்தால், அடுத்தடுத்த மாதிரிகள் ஒரே செய்தியைத் திரும்பச் சொல்கின்றன. பத்து லட்சம் சாராத மாதிரிகளுக்கு 0.11 விநாடி போதும். 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள வாக்கி டாக்கி வகைச் சிக்னலுக்கு அதுவே 40 விநாடி. குறுகிய சிக்னலில் ஒரு நொடியில் அளந்து முடித்தவர் பெற்ற 0.01% எண்ணை நம்பாதீர்கள்.

இன்னொரு பொறி, சிக்னல் ஜெனரேட்டரில் ஓடும் கோப்பு. 10 மில்லிவிநாடி நீளமுள்ள எல்டிஇ கோப்பு திரும்பத் திரும்ப ஓடுகிறது என்றால் அதில் இருப்பது ஏறத்தாழ 90,000 சாராத மாதிரிகள், அவ்வளவே. அனலைசரை இரவு முழுவதும் ஓட விட்டாலும் புதிதாக எதுவும் வராது. வளைகோடு 0.001% அருகே படிக்கட்டு போல உடைந்து, செங்குத்தாக விழுந்து நிற்கும். அந்தச் செங்குத்தைப் பெருக்கியின் வெட்டு என்று தவறாகப் படிப்பது மிக எளிது. அரிய நிகழ்வுகள் வேண்டுமானால் நீளமான கோப்பு வேண்டும்.

அனலைசரின் பட்டியலில் கடைசியில் வரும் "பீக்" வரியை என்ன செய்வது? அறிக்கையில் எழுதாமல் இருப்பதே சரி. இரைச்சல் போன்ற சிக்னலில் ஒரு லட்சம் மாதிரிகளின் உச்சம் ஏறத்தாழ 10.8 டெசிபெல், பத்து லட்சத்துக்கு 11.6, ஒரு கோடிக்கு 12.2, பத்துக் கோடிக்கு 12.8. காத்திருக்கக் காத்திருக்க அது ஏறிக்கொண்டே போகும். ஒரே சிக்னலை அளந்த இரண்டு பேர் இரண்டு எண்களோடு வந்து சண்டை போடுவதற்கு இந்த வரியே காரணம். 0.01% புள்ளியோ, போதிய மாதிரிகள் கிடைத்துவிட்டால் அதே இடத்தில் நிற்கும்.

விட்டுவிட்டு வரும் சிக்னல்

ஜிஎஸ்எம் கைபேசி எட்டில் ஒரு நேரத்துண்டில் மட்டும் ஒலிபரப்புகிறது: 4.615 மில்லிவிநாடி சட்டகத்தில் 577 மைக்ரோவிநாடி. ட்ரிக்கர் இல்லாமல் அளந்தால் மௌனமாக இருக்கும் ஏழு துண்டுகளும் சராசரியில் சேரும். சராசரி எட்டில் ஒன்றாகக் குறையும், வளைகோடு 12.5% மட்டத்தில் படுக்கையாக ஓடி, 9 டெசிபெல்லில் செங்குத்தாக விழும். மாறா வீச்சுச் சிக்னலுக்கு 9 டெசிபெல் உச்சம் என்று ஒரு விடை! படுக்கையாக ஓடும் பகுதி தெரிந்தாலே சிக்னல் விட்டுவிட்டு வருகிறது என்று பொருள். அந்த மட்டமே எவ்வளவு நேரம் ஒலிபரப்பு நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது.

ஜிஎஸ்எம்மில் பிழை முகத்தில் அடித்தாற்போலத் தெரியும். அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும் டிடிடி வகை எல்டிஇயில் அது பதுங்கும். 60% நேரம் ஒலிபரப்பு நடக்கும் ஓஎஃப்டிஎம் சிக்னலை ட்ரிக்கர் இல்லாமல் அளந்தால், 0.01% புள்ளி 9.6 டெசிபெல்லுக்குப் பதிலாக 11.6 டெசிபெல்லில் நிற்கும். கோட்டின் வடிவம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். பர்ஸ்ட் ட்ரிக்கர் (ஒலிபரப்பு தொடங்கும் கணத்தில் அளவீட்டைத் தொடங்குவது) அல்லது வெளி ட்ரிக்கர் வைத்து, அளவீட்டு இடைவெளியை ஒலிபரப்பு நேரத்தைவிடக் குறைவாக அமைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு அளக்க வேண்டும். ஒரு பர்ஸ்டில் போதிய மாதிரிகள் இருக்காது. பல பர்ஸ்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகும்படி எண்ணிக்கையை அமையுங்கள்.

கருவியை நம்பும் முன் மூன்று சோதனை

முதலாவது காசு செலவில்லாதது. உள்ளீட்டில் 50 ஓம் டெர்மினேட்டரை மாட்டி சிசிடிஎஃப் எடுங்கள். அனலைசரின் சொந்த இரைச்சலே சிக்னல். வளைகோடு காஸ் கோட்டின் மீது படிய வேண்டும். இரண்டாவது, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து தூய சைன் அலை: 0 டெசிபெல்லில் செங்குத்தாக விழ வேண்டும், சற்று வலப்புறம் சரிந்தால் அது இரைச்சலின் அளவு. மூன்றாவது, சம அளவிலான இரண்டு சைன் அலைகளைக் கம்பைனர் வழியாகச் சேர்த்துக் கொடுங்கள். 0 டெசிபெல்லில் 50%, 10% மட்டத்தில் 2.9 டெசிபெல், அதன்பின் 3.01 டெசிபெல்லில் சுவர் போல நிற்கும். இந்த மூன்றும் சரியென்றால் கருவியும் அமைப்பும் சரி. மொத்தம் ஐந்து நிமிட வேலை.

பெருக்கியை அளப்பது

இந்த அளவீட்டின் உண்மையான பயன் இங்கே தெரியும். முதலில் பெருக்கி இல்லாமல் ஜெனரேட்டரின் சிக்னலை அளந்து, அந்த வளைகோட்டை ரெஃபரன்ஸ் டிரேஸாகச் சேமியுங்கள். பிறகு பெருக்கியையும் அட்டெனுவேட்டரையும் இணைத்து, மிக்சருக்குப் போகும் சராசரி முன்பு இருந்த அதே அளவில் இருக்கும்படி சரிசெய்து, மீண்டும் அளந்து பாருங்கள். இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் பெருக்கி உச்சங்களை முழுதாகக் கடத்துகிறது. வெளியீட்டுக் கோடு 0.01% மட்டத்தில் 9.6க்குப் பதில் 7.4 டெசிபெல்லில் நின்றால், பெருக்கி உச்சத்தில் 2.2 டெசிபெல் தின்றுவிட்டது. எந்த மட்டத்தில் கோடுகள் பிரியத் தொடங்குகின்றன என்பதையும் பாருங்கள். 0.001%க்குக் கீழே மட்டும் பிரிந்தால் அமுங்கல் மிக அரிது. இணைப்பின் தரத்தில் பெரிதாகத் தெரியாது. 1% மட்டத்திலேயே பிரிந்தால் பக்கத்து அலைவரிசைக் கசிவிலும் இவிஎம் (பண்பேற்றப் புள்ளிகள் இடம் விலகும் அளவு) எண்ணிலும் அது எதிரொலிக்கும்.

பெருக்கியின் அளவைத் தேர்ந்தெடுப்பதும் இதே எண்ணில்தான். 100 வாட்டில், அதாவது 50 டிபிஎம்மில் நிறைந்துவிடும் பெருக்கி, 0.01% புள்ளி 9.6 டெசிபெல் கொண்ட சிக்னல். அந்த இடைவெளியை விட்டு வைத்தால் சராசரி 40.4 டிபிஎம், 11 வாட். சிக்னலை உருவாக்கும் இடத்திலேயே உச்சத்தை மென்மையாகக் குறைக்கும் முறையால் அதே புள்ளியை 7 டெசிபெல்லுக்குக் கொண்டுவந்தால் சராசரி 43 டிபிஎம், 20 வாட். பெருக்கி அதுவே, வெளியீடு ஏறத்தாழ இரட்டிப்பு. இவிஎம் கொஞ்சம் கெடும். எவ்வளவு கெடலாம் என்று பேரம் பேசும்போது மேசையில் சிசிடிஎஃப், இவிஎம், பக்கத்து அலைவரிசைக் கசிவு மூன்றும் இருக்க வேண்டும்.

எந்தச் சதவீதத்தைப் படிப்பது என்பது யாருக்காக அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பெருக்கி வடிவமைப்பில் 0.01% பரவலாக வழங்குகிறது. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி, சில கைபேசி அலைவரிசைகளில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையே 13 டெசிபெல் வரம்பு வைத்திருக்கிறது. அதன் அளவீட்டு வழிகாட்டி படிக்கச் சொல்வது 0.1% புள்ளியை. காஸ் கோட்டில் இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே 1.25 டெசிபெல் வித்தியாசம் இருப்பதால், அறிக்கையில் "உச்சம்–சராசரி விகிதம் 8.3 டெசிபெல்" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்குப் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: 0.1% புள்ளியில் 8.3 டெசிபெல், சராசரி 40.0 டிபிஎம்; பகுப்பாய்வு அகலம் 15 மெகாஹெர்ட்ஸ்; மாதிரிகள் ஒரு கோடி; பர்ஸ்ட் ட்ரிக்கர், இடைவெளி 0.5 மில்லிவிநாடி, வெளி அட்டெனுவேட்டர் 40 டெசிபெல், உள் அட்டெனுவேட்டர் 20 டெசிபெல், 30 டெசிபெல்லிலும் வளைகோடு மாறவில்லை.